முதலிடத்தில் இருக்கும் குரல்

ஜூன் 9, திங்கள்

டாக்டர் நஸீமா வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து ரூபி சொல்லிவருவதும் இதைத்தான். ஆனால் இவர் சொன்னதற்கு ஃபீஸ் கொடுத்திருக்கிறோம், கேட்டாக வேண்டும். பேசாதவன் எங்கேயாவது கொட்டியாக வேண்டுமே, அதற்குத்தான் இந்த டைரி. புது வருஷ ஆராதனையில் சபையில் கொடுத்தது. இன்றுவரை காலியாகக் கிடந்தது.

கழுத்தில் கட்டி. நெல்லிக்காய் அளவு. ஜூலை ஏழாம் தேதி எடுத்துவிடலாம் என்றார். சின்ன ஆபரேஷன்தான். குரலுக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டியை உரசிக்கொண்டு போகிறதாம்.

"நரம்பைக் காப்பாத்தத்தான் பார்ப்போம் சார். கட்டியோட ஒட்டியிருந்தா வெட்டித்தான் ஆகணும். குரல் மாறலாம்."

"எவ்வளவு மாறும்?"

"திறந்து பார்த்தாத்தான் தெரியும். நீங்க பாடுறவர்ங்கிறதால முன்னாடியே சொல்றேன்."

ரூபியிடம் கட்டி வரைக்கும் சொன்னேன். நரம்பைச் சொல்லவில்லை. வரும் வழியில் முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஜூன் 11, புதன்

ஷைலா ஆபீஸ் முடிந்து நேராக இங்கே வந்தாள். எங்கள் ஒரே மகள். பழைய கேசட் கம்பெனிகளின் பாட்டுகளை மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் ஒரு மியூசிக் கம்பெனியில் இருக்கிறாள். அவளுக்கு என்ன வேலை என்று சபையில் யாராவது கேட்டால், பாட்டை மேலே ஏற்றுகிற வேலை என்று சொல்லிவைக்கிறேன். எங்கள் காலத்தில் பாட்டு தானாக ஏறியது.

"வெள்ளிக்கிழமை ஒரு பாட்டு ரிலீஸ். முழுக்க என் ப்ராஜெக்ட். யார் பாடினதுன்னு சொல்லுங்க பாப்போம்."

"யாரு?"

"மதுகரன்."

மதுகரன் அண்ணன் இறந்து நான்கு வருஷம் ஆகிறது. அவருடைய பழைய பாட்டு ஒன்றை எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் குரலைக் கற்றுக்கொடுத்துவிட்டார்களாம். இனிமேல் எந்தப் புது மெட்டைக் கொடுத்தாலும் அவர் குரலில் அது பாடும். அவர் மனைவி வைதேகி அண்ணியிடம் ஒரு பாட்டுக்கு அனுமதி வாங்கியாயிற்று. எடுபட்டால் ஆல்பமே போடுவார்களாம்.

நான் மதுகரன் அண்ணனுக்கு இருபது வருஷம் ட்ராக் பாடியவன். ட்ராக் என்றால், பெரிய பாடகர் ஸ்டூடியோவுக்கு வரும் முன்பே ஒருவன் அந்தப் பாட்டை முழுசாகப் பாடிப் பதிவு செய்து வைப்பான். அவர் காரை விட்டு இறங்கி, அதை ஹெட்போனில் கேட்டு, அப்படியே பாடிவிட்டு அடுத்த ஸ்டூடியோவுக்குப் போவார். அதன் பிறகு ட்ராக்கை அழித்துவிடுவார்கள். அவர் வேகமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக அவர் மாதிரியே பாடுவேன். அவருக்கு மூச்சு எங்கே முட்டும், எந்த எழுத்தைக் கொஞ்சுவார், எல்லாம் எனக்கு அத்துப்படி.

"பாட்டு நல்லாருக்குமா?" என்று ஷைலாவிடம் கேட்டேன்.

"முதல் ஏழு செகண்ட் பிரமாதமா இருக்குப்பா. அதுக்குள்ள பிடிக்கலைன்னா விரல் அடுத்ததுக்குப் போயிரும். ரீல்ஸுக்குன்னே ஒரு துண்டு தனியா வச்சிருக்கோம்."

"அப்ப பல்லவி?"

"அதெல்லாம் வருதுப்பா, பின்னாடி."

பல்லவி பின்னாடி வருகிற பாட்டு. நல்லது. சட்டைக்குப் பிறகு பனியன் போடுகிற கதைதான். அவள் சிரித்தாள். அவள் சிரிப்பு அப்படியே ரூபியுடையது.

ஜூன் 13, வெள்ளி

காலையில் பாட்டு வந்தது. ஷைலா போனில் அனுப்பியிருந்தாள். ரூபி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நான் காதில் மாட்டிக்கொண்டேன்.

மேலே போய் நிற்கிற இடத்தில், நிறுத்தும் முன்பு குரல் ஒரு சின்ன சுழற்சி போட்டுவிட்டு இறங்குகிறது. மதுகரன் அண்ணன் அங்கே சுழற்றமாட்டார். கத்தரித்த மாதிரி நிறுத்துவார். அதுதான் அவர் அழகு.

ஷைலாவைக் கூப்பிட்டேன். "குரலை எந்தப் பாட்டுலேருந்து எடுத்தீங்க?"

"ஈரமணல். மத்த பாட்டு எல்லாத்துலயும் இசையும் குரலும் கலந்து கிடக்கு. பிரிச்சா கீறல் விழுது. ஈரமணலுக்கு மட்டும்தான் பெரிய டேப் ஸ்பூல் கிடைச்சுது, குரல் தனியா, கண்ணாடி மாதிரி. நான்தான் தேர்ந்தெடுத்தேன். சின்ன வயசுல அதைக் கேட்டாத்தானே எனக்குத் தூக்கம் வரும்."

சரி என்று போனை வைத்தேன்.

தோசை சாப்பிடவில்லை.

ஜூன் 14, சனி

ஷைலா போன் செய்தாள். பாட்டு இருபதாவது இடத்தில் இருக்கிறதாம். எனக்கென்ன வந்தது.

ஜூன் 15, ஞாயிறு

பன்னிரண்டு. சும்மா பார்த்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஏழு.

மெட்ராஸுக்கு வருவதற்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு ரெக்கார்டிங் கடையில் உட்கார்ந்திருந்தேன். காலி கேசட்டோடு வருவார்கள். என்னென்ன பாட்டு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள். நான் பதிந்து கொடுப்பேன். எந்தப் பாட்டு எல்லாத் தாளிலும் முதலில் இருக்கிறதோ அதுதான் அந்த மாசத்துக்கு ராஜா. பட்டியல் போட வேறு ஆள் தேவைப்படவில்லை. பிறகு ரேடியோவுக்குக் கார்டு போட்டுக் கேட்டார்கள். அதற்குப் பிறகு டிவியில் ஞாயிற்றுக்கிழமை 'டாப் டென்' வந்தது. பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டே பத்தாவது இடத்திலிருந்து மேலே வருவாள். தெருவே டிவி முன்னால் இருக்கும். சபையில் பிரசங்கம் நீண்டால் ஜனம் நெளியும். யார் அந்தப் பட்டியலைப் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் நம்பினோம். இப்போது எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது, ஒருவரும் நம்புவதில்லை. காசு கொடுத்துக் கேட்க வைக்கிறார்கள் என்று ஷைலாவே சொல்கிறாள்.

ஈரமணல் அந்த டாப் டென்னில் வாரக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் மதுகரன் அண்ணனையே ஸ்டூடியோவில் உட்காரவைத்து, "எப்படி சார் இப்படி உருகிப் பாடினீங்க" என்று கேட்டாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அது தானா அமைஞ்சதும்மா" என்றார்.

சுற்றி வளைப்பானேன். அதைப் பாடியது நான்.

ட்ராக் பாடி வைத்திருந்தேன். அண்ணன் கச்சேரிக்காகச் சிங்கப்பூர் போயிருந்தார். தீபாவளிக்குள் கேசட் கடைக்கு வந்தாக வேண்டும். அவர் பெயர் போட்ட அட்டை ஏற்கனவே அச்சாகிவிட்டது. மியூசிக் டைரக்டர் பாலதேவ் சார் இரண்டு முறை கேட்டுவிட்டு, "இதையே விட்டுரலாம்யா, யாருக்குத் தெரியப்போகுது" என்றார். யாருக்கும் தெரியவில்லை. அவரும் போய்விட்டார், சவுண்ட் என்ஜினீயரும் போய்விட்டார், அண்ணனும் போய்விட்டார். நான் வெளியே சொல்லியிருந்தால் அப்புறம் எந்த ஸ்டூடியோ வாசலிலும் கால் வைத்திருக்க முடியாது. ட்ராக் பாடுகிறவனின் முதல் தகுதி வாயை மூடிக்கொள்வது. டாக்டர் சொன்னது ஒன்றும் எனக்குப் புதிதில்லை.

ரூபிக்குத் தெரியும். ஷைலாவுக்குத் தெரியாது. அவளைத் தூங்கவைக்க நான் பாடும்போதெல்லாம், அப்பா மதுகரன் மாதிரியே பாடுறாங்க என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிவிட்டு வருவாள். அதைக் கேட்கும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று நான் ரூபியிடம்கூடச் சொன்னதில்லை. எரியும். இப்போதும் எரிகிறது.

ஜூன் 20, வெள்ளி

முதலிடம்.

கேக்கோடு வந்தாள் ஷைலா. காலுக்குத் தரை தெரியவில்லை. பதவி உயர்வு தரப்போகிறார்களாம். ஜூலை ஐந்தாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் வடபழனியில் பெரிய மண்டபத்தில் வெற்றி விழா. அங்கேயே வைதேகி அண்ணி ஆல்பத்துக்குக் கையெழுத்துப் போடுவார்.

"ஒரு விஷயம்ப்பா. கம்ப்யூட்டர் மேடையில நின்னு பாட முடியாதுல்ல. மதுகரன் குரல்ல லைவா பாட ஒருத்தர் வேணும்னு எங்க சார் கேட்டார். எங்கப்பா இருக்காங்கன்னு சொல்லிட்டேன்."

ரூபி கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்தாள். வைத்த சத்தம் கொஞ்சம் பலமாக இருந்தது.

"அப்பாவுக்குத் தொண்டை சரியில்லைன்னு தெரியும்ல?"

"ஒரே ஒரு பாட்டும்மா. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தானே ஆபரேஷன்."

சரி என்றேன். என் குரலை அது காப்பியடிக்கிறது. அதை நான் மேடையில் காப்பியடிக்க வேண்டும். பிழைப்பு இப்படியும் ஒரு சுற்றுச் சுற்றி வரும் போலிருக்கிறது.

அவள் போனதும் ரூபி வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"சொன்னா அவ வேலை என்னாகும்னு யோசிச்சியா? அண்ணி கொடுத்தது அண்ணன் குரலுக்கு அனுமதி. ஆளை மாத்தி எடுத்தது யாருன்னு கேப்பாங்க. ஸ்பூலைத் தேர்ந்தெடுத்தது இவ. முதல்ல உருள்றது இவ தலைதான்."

"அப்ப உங்க குரல்?"

டாக்டர் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

ஜூன் 24, செவ்வாய்

ஷைலா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, என்னைச் சமையலறை ஸ்டூலில் உட்காரவைத்துப் போனில் படம் பிடித்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் வீட்டுக்கென்று ஒன்று இருக்கட்டும் என்றாள். நரம்பு விஷயத்தை ரூபி எப்படியோ டாக்டரிடமே போன் போட்டுத் தெரிந்துகொண்டுவிட்டாள். தெரிந்துகொண்டு மகளுக்கும் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் என் எதிரில் சாதாரணமாக நடமாடுகிறார்கள். அது எனக்குப் பெரிய கஷ்டமாக இருக்கிறது.

ஈரமணல் பாடினேன். குக்கர் விசில் வந்தபோது நிறுத்திவிட்டு மறுபடி தொடர்ந்தேன். அவள் அதை அப்படியே ஆன்லைனில் தன் பக்கத்தில் போட்டாள், 'எங்கப்பா' என்று தலைப்பு வைத்து.

போட்ட கையோடு தூக்கிவிட்டார்கள். இந்தக் குரல் இன்ன கம்பெனிக்குச் சொந்தம், அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று ஆங்கிலத்தில் வந்தது. அவள் கம்பெனிதான். யாரும் மதுகரன் குரலைத் திருடிப் பாட்டுப் போடக் கூடாது என்று பூட்டு போட்டு வைத்திருக்கிறார்களாம்.

"பாருங்கப்பா, மெஷினே ஏமாந்துருச்சு. அவ்வளவு அச்சு அசலாப் பாடுறீங்க."

சிரித்தேன். வேறென்ன செய்ய. சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து என் குரலை நானே திருடியிருக்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

இன்று அவள் சிரிக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"ஆபீஸ்ல குரல் பாக்குற மெஷின்ல உங்க வீடியோவைக் கொடுத்துப் பார்த்தேன். மதுகரன்தான்னு சொல்லுது. சரி, மெஷின் எவ்வளவு தூரம் ஏமாறும் பாப்போம்னு மதுகரன் பாட்டு வேற பதினஞ்சு இருபது கொடுத்தேன்."

"ம்."

"எல்லாத்துக்கும் மதுகரன் இல்லைன்னு சொல்லுதுப்பா."

ரூபி அடுக்களையிலிருந்து வெளியே வந்து நின்றாள். ஷைலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் பார்ப்பாள், ஊசி உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள.

"மெஷின்ல கோளாறா இருக்கும்" என்றேன். "வயசானா குரல் மாறும். ஈரமணல் பாடினப்போ அண்ணனுக்கு ஜலதோஷம்."

"அப்படியா?"

"நான் அங்கதான இருந்தேன்."

இது மட்டும் பொய் இல்லை. தலையாட்டிவிட்டுப் போனாள். நம்பவில்லை. நம்பாதது எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். ரூபி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் இப்போது இரண்டு பேர் மௌனம், ஒருவருக்கு மட்டும்தான் டாக்டர் சீட்டு இருக்கிறது.

ஜூன் 28, சனி

வைதேகி அண்ணி வரச்சொல்லியிருந்தார். தி.நகர் வீட்டுக்குப் போனேன். அண்ணன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காபி கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"எபி, அந்தப் புதுப் பாட்டுல பாடுறது யாரு?"

"அண்ணன் குரல்தானே அண்ணி. கம்ப்யூட்டர்."

"அவரோட முப்பத்தஞ்சு வருஷம் இருந்தவ நான். அவர் தும்மினா அடுத்த ரூம்லேருந்து அவர்தான்னு சொல்லுவேன். அது அவர் இல்லை."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஈரமணல் ரெக்கார்டிங் நடந்தப்போ அவர் என்கூட சிங்கப்பூர்ல இருந்தார். திரும்பி வந்து கேசட்டைக் கேட்டுட்டு அன்னைக்குப் பூரா ஒரு வார்த்தை பேசலை. அதுக்கப்புறம் எந்த மேடையிலயாவது அந்தப் பாட்டை அவர் முழுசாப் பாடி நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. பல்லவி மட்டும் பாடுவார். பிறகு தொண்டையைத் தொட்டுக் காட்டி, சரணத்தைத் தம்பி பாடட்டும் என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொள்வார். எவ்வளவு பெரிய மனசு என்று ஜனங்கள் அவருக்குக் கை தட்டுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு ஏழைப் பாடகனுக்குப் போடுகிற பிச்சை என்று ஒவ்வொரு மேடையிலும் உள்ளுக்குள் கறுவிக்கொண்டே சரணம் பாடியிருக்கிறேன். அவர் தனக்குச் சொந்தமில்லாததைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். இது புரிய இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

"ஆல்பத்துக்குக் கையெழுத்துக் கேக்குறாங்க" என்றார் அண்ணி. "உங்க குரலை நான் எப்படி விக்கிறது?"

"போடுங்க அண்ணி. ஷைலா வேலை இதுல இருக்கு."

"ஷைலாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லை. நீங்களும் சொல்லக் கூடாது."

அண்ணி எழுந்துபோய் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தார். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

இன்னும் முதலிடம்தான். ஆட்டோவில், டீக்கடையில், கீழ்வீட்டுப் பெண்ணின் போனில். முடிவெட்டப் போனால் அங்கேயும் அதே ஏழு செகண்ட். "மதுகரன் மதுகரன்தான் சார், செத்தும் அடிக்கிறான் பாருங்க" என்றார் முடிவெட்டுகிறவர். கழுத்தை அசைக்காதீங்க என்றும் சொன்னார்.

ஜூலை 3, வியாழன்

டாக்டர் மறுபடி ஸ்கேன் பார்த்தார். கட்டி நரம்பைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று ரூபி எதிரிலேயே சொன்னார். சனிக்கிழமை ஒரு பாட்டு பாடலாமா என்று கேட்டேன்.

"பாடக் கூடாதுன்னு சொல்லணும். ஆனா நீங்க எதுக்குக் கேக்குறீங்கன்னு புரியுது. ஒண்ணே ஒண்ணு."

ஆட்டோவில் ரூபி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். "தீரலை" என்றாள். கையை எடுக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஷைலா ஒப்பந்தத்தோடு அண்ணி வீட்டுக்குப் போயிருக்கிறாள். மத்தியானம் போனவள். இன்னும் போன் வரவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

வெள்ளைச் சட்டையை ரூபி இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறாள்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுத நேற்று கை வரவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் வைதேகி அண்ணி. மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் மதுகரன் அண்ணன் சிரிக்கும் படம். கீழே 'முதலிடம்' என்று தங்க எழுத்து. ஏற்பாடு இதுதான்: கம்ப்யூட்டர் குரல் பல்லவி வரைக்கும் பாடும், ஷைலா அறிவிப்பாள், நான் மேடையேறிச் சரணத்தைத் தொடர வேண்டும். ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். சரணத்துக்கு மேடையேறுவது எனக்குப் பழக்கம்தான்.

பாட்டு ஆரம்பித்தது. ஏழு செகண்ட் முடிந்திருக்கும். நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். ஷைலா மைக் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நிறுத்தச் சொன்னது அவள்தான். முகம் வெளுத்திருந்தது.

"இந்தப் பாட்டுல நீங்க கேக்கறது மதுகரன் சார் குரல் இல்லை" என்றாள். "தப்பு என்னோடது. நான் எடுத்த குரல் ஈரமணல் பாட்டுல இருந்த குரல். ஈரமணலை அவர் பாடலை. பாடினவர் இங்கதான் இருக்கார். எங்கப்பா. பேரு எபநேசர். நாளன்னைக்கு அவருக்கு ஆபரேஷன், அப்புறம் பாடமாட்டார். இன்னைக்கு அவர் பேர்ல அவர் பாடட்டும்."

யாரும் கை தட்டவில்லை. கம்பெனி ஆள் ஒருவர் மேடைப் படியில் ஏறினார். அப்போது முன் வரிசையிலிருந்து அண்ணி எழுந்தார். "அந்தப் பொண்ணு சொல்றது நிஜம். எங்க வீட்டுக்கு அது எப்பவும் தெரியும்" என்றார். மைக் இல்லை, ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது. படியில் ஏறியவர் அங்கேயே நின்றுவிட்டார்.

அவரைத் தாண்டி மேடை ஏறினேன். கோபமா, பயமா, மகளை நினைத்துத் துக்கமா, தெரியவில்லை. எல்லாம்தான். போனதும் அவள் காதில், "ஏன்டி இப்படிப் பண்ணினே" என்றேன். "பாடுங்கப்பா" என்றாள்.

ஈரமணல் பாடினேன். பல்லவியிலிருந்து. வாத்தியக்காரர்கள் தயாராக இல்லை. கீபோர்டு பையன் மட்டும் சுருதி கொடுத்தான். மேலே போய் நிற்கிற இடத்தில் கட்டி இடித்தது. இடித்தாலும் போனேன், சுழற்றினேன், இறங்கினேன். நன்றாகப் பாடினேன். அடக்கமெல்லாம் எதற்கு, மிக நன்றாகப் பாடினேன்.

"ரெண்டாவது சரணத்துல சுருதி கொஞ்சம் இறங்கிருச்சு" என்றாள் ரூபி, காரில். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இன்று காலை பாட்டைத் தூக்கிவிட்டார்கள். பட்டியலில் முதலிடத்தில் வேறு ஏதோ குத்துப் பாட்டு. ஷைலாவை ஆபீஸுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நேற்றைய வீடியோ கண்ட இடமெல்லாம் போகிறது. மதுகரன் ரசிகர்கள் என்னைத் திட்டித் தீர்க்கிறார்கள். செத்தவர் பேரில் பிழைக்க வந்த மிமிக்ரி ஆள் என்கிறார்கள். தைரியமிருந்தால் நேரில் வந்து பாடிக் காட்டட்டும் என்று ஒருவன் எழுதியிருக்கிறான்.

சபைக்குப் போனோம். ஞானப்பாட்டு வேளையில் உதட்டை மட்டும் அசைத்தேன். டாக்டர் ஒன்றே ஒன்று என்று சொல்லியிருந்தார்.

ஜூலை 7, திங்கள்

காலை. இன்னும் சற்று நேரத்தில் அழைத்துப்போவார்கள். பயமாக இருக்கிறது. இதை முதல் நாளே எழுதியிருக்கலாம்.

ஜூலை 10, வியாழன்

கட்டி போய்விட்டது. நரம்பும்.

ஜூலை 14, திங்கள்

வீடு. கஞ்சி. பேச அனுமதியில்லை, இந்த முறை நிஜமாகவே.

ஷைலா இங்கேயே தங்கிவிட்டாள். வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்கிறாள், அடிக்கடி சொல்கிறாள், அதனால்தான் கவலையாக இருக்கிறது. சமையலறையில் எடுத்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தாள், ரசிகர்கள் கேட்கட்டும் என்று. மறுபடி தூக்கிவிட்டார்கள். பாட்டை எடுத்த கம்பெனி, குரலுக்குப் போட்ட பூட்டை எடுக்க மறந்துவிட்டது. அல்லது மறக்கவில்லை. என் குரல் அவர்களிடம்தான் இருக்கிறது. என்னிடம் இல்லை. தலையணையில் முகத்தை வைத்து அழுதேன். சத்தம் வராததால் யாருக்கும் தெரியவில்லை.

ஜூலை 21, திங்கள்

டாக்டர் இன்று பேசச் சொன்னார். "மெதுவா, உங்க பேரைச் சொல்லுங்க பாப்போம்."

சொன்னேன். தகரத்தை இழுத்த மாதிரி ஒன்று வெளியே வந்தது. யாரோ எனக்குப் பின்னால் பேசியதாக நினைத்துத் திரும்பிக்கூடப் பார்த்தேன். ரூபி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். பயிற்சி செய்தால் கொஞ்சம் தெளியும், பாட்டுக்கு ஆகாது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து அதே சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஷைலாவைக் கூப்பிட்டேன். போனை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினேன்.

"வேண்டாம்ப்பா. கஷ்டமா இருக்கும்."

எடு என்றேன். ஈரமணல் பல்லவி. மேலே போகிற இடத்துக்குப் போகவில்லை, பாதியில் வெறும் மூச்சுத்தான் வந்தது. சுழற்சி மட்டும் எங்கேயோ அடியில் ஒரு கரகரப்பாகச் சுழன்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முழுவதும் எடுத்தாள்.

"போடு."

போட்டாள். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை டாப் டென்னில் முதலிடம் யார் என்று பார்க்க உட்கார்ந்திருப்போமே, அப்படி. ரூபி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். தூக்கவில்லை. கொஞ்சம் பொறுத்தோம். அப்போதும் தூக்கவில்லை.

"மேட்ச் ஆகலைப்பா" என்றாள் ஷைலா, குரல் உடைந்து. "யாரோட குரலும் இல்லைன்னு விட்டுருச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பும் தகரம்தான். முதல் முறையாக நான் யார் மாதிரியும் இல்லை.

"பேர் கேக்குது. பாடினவர்னு என்ன போடட்டும்?"

முழுப் பெயரையும் சொன்னேன். அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.